போலீஸைப் பார்த்தால் எழுந்து நிற்கும் கார்!

ராமநாதபுரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டியிலிருந்து தேவிபட்டினம் போகும் வழியில் கடல் பக்கமாகத் திரும்பினால் காரங்காடு. மீனவ கிராமம். வனத்துறையே படகில் ஏற்றிக்கொண்டு போய் அலையாத்திக் காட்டைச் சுற்றிக் காட்டுகிறது என்பதால், லீவு நாட்களில் வெளியூர் கார்கள் வந்து குவிகின்றன. அப்படி வந்த ஒரு பழைய வெள்ளைக் காரைப் பார்த்தேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்த கார், ஒரு வேகத்தடை முன்னால் நின்றது. டிரைவரைத் தவிர எல்லாப் பையன்களும் இறங்கினார்கள். டிரைவர் காரைக் குறுக்காக ஒடித்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினார். 'கர்ர்ர்...' என்று வயிறு உரசும் சத்தம். தாண்டிய பிறகு பையன்கள் மறுபடி ஏறிக்கொள்ள, கார் கிளம்பியது.

வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "காசு குடுத்துக் குட்டையாக்கிருக்காய்ங்க தம்பி" என்றார், சிரிக்காமல்.

காசு கொடுத்துக் காரைக் குட்டையாக்கும் இந்த வேலைக்கு அறுபத்தைந்து வருஷத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது. அதில் போலீஸ் வருகிறது, ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் வருகிறார், ஒரு மரணம் வருகிறது. வண்டலூரில் தயாரான நம்ம ஊர்க் கார் ஒன்றும் வருகிறது!

முதலில் 'வில்'லைப் பார்த்துவிடுவோம். நம் கிராமங்களில் மூட்டை ஏற்றக் கட்டை வண்டி, மனிதர்கள் சொகுசாகப் போக வில்வண்டி என்று இரண்டு ரகம் இருந்ததே, நினைவிருக்கிறதா? பண்ணையார் வீட்டு வாசலில் நிற்குமே, அது. அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் பட்டை வளைந்து கொடுக்கும்; உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பு பிழைக்கும். ஒபதையா எலியட் என்ற லண்டன் வண்டித் தொழிலாளி 1804-ல் காப்புரிமை வாங்கிய பட்டை வில்லின் வாரிசு அது. லாரிகளில் இன்றைக்கும் அதேதான்.

வில் வளைய வேண்டுமென்றால் மேலும் கீழும் இடம் வேண்டும். அந்த இடம்தான் காரின் உயரம். எத்தனை பேர் ஏறுவார்கள், எவ்வளவு மூட்டை, எப்படிப்பட்ட ரோடு என்று கணக்குப் போட்டுத்தான் கம்பெனிக்காரன் அந்த உயரத்தை வைக்கிறான். நான் படித்தது பி.காம். இன்ஜினியரிங்குக்கும் எனக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. ஆனால் இந்த விஷயம் அக்கவுன்டன்ஸி படித்தவனுக்கு நன்றாகவே புரியும். இரட்டைப் பதிவு முறை! ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே தீர வேண்டும். காரை ஒரு அங்குலம் இறக்கினால், அதற்கான பற்று எங்கேயோ எழுதப்படுகிறது. எங்கே என்று பார்க்காமல் விடுகிறவன்தான் மாட்டிக்கொள்கிறான்.

இப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் போகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். அங்கே வாழ்ந்த மெக்ஸிகோ வம்சாவளி இளைஞர்கள் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தது. புதுக் கார் வாங்க அது போதாது. பழைய செவர்லேக்களை வாங்கினார்கள். வெள்ளைக்காரப் பையன்கள் பழைய காரை வாங்கி இன்ஜினைக் குடைந்து வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, இவர்கள் நேர் எதிராகப் போனார்கள். 'தாழ்வாக, மெதுவாக' என்பது இவர்களுடைய தாரக மந்திரம். டிக்கியில் மணல் மூட்டை ஏற்றினார்கள். காயில் ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு சுற்றை வெட்டி எறிந்தார்கள். அல்லது டார்ச்சால் சூடுகாட்டி, ஸ்பிரிங்கைக் குன்றிப்போக வைத்தார்கள். பளபள பெயின்ட்டும் குரோமியமுமாக, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேர் மாதிரி ஆடி அசைந்து வரும். அவர்களை ஏளனமாகப் பார்த்த ஊருக்கு, 'நாங்களும் இங்கேதான் இருக்கிறோம், நின்று பார்' என்று சொல்கிற ஊர்வலம் அது.

ஊர் நின்று பார்த்தது. போலீஸும் பார்த்தது. 1958-ல் கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. வாகனச் சட்டத்தின் 24008-வது பிரிவு. காரின் உடம்பில் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிவிளிம்பைவிடக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. இதில் ஓர் அர்த்தம் இருந்தது. டயர் காற்றுப் போனால் கார் ரிம்மின் மேல்தான் நிற்கும். அதற்கும் கீழே வயிறு தொங்கினால், ரோட்டை உழுதுகொண்டு போகும். ஆனால், சட்டம் யாரைக் குறிவைத்தது என்பதில் அந்தப் பையன்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ரான் அகிர்ரே என்ற இளைஞர் சும்மா இருக்கவில்லை. போரில் மிஞ்சிய விமான உதிரிப் பாகங்கள் அப்போது மலிவாகக் கிடைத்தன. விமானத்தில் ஹைட்ராலிக் வேலைக்குப் பயன்பட்ட பம்புகளையும் வால்வுகளையும் வாங்கித் தன் கொர்வெட் காரின் சஸ்பென்ஷனில் பூட்டினார். வருஷம் 1959. டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச். தட்டினால் கார் தரையோடு படுக்கும். இன்னொரு முறை தட்டினால் எழுந்து நிற்கும். தூரத்தில் போலீஸ் தெரிந்தால் எழுப்ப வேண்டியதுதான்! போலீஸ்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து குனிந்தால், எல்லாம் சட்டப்படி. அவர் போனதும் திரும்பப் படுத்துவிடும்.

சினிமாக்களில் அமெரிக்கக் கார்கள் தவளை மாதிரி துள்ளிக் குதிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதன் தாத்தா இந்தக் கொர்வெட்தான். ஃபைனுக்குப் பயந்து பிறந்த கலை!

அவர்கள் மெதுவாகப் போனார்கள். அதனால் பற்றுக் கணக்கு பெரிதாக உறைக்கவில்லை. அதே தாழ்ந்த காரை நூறு கிலோமீட்டர் வேகத்தில் விரட்டினால் என்ன ஆகும்? இங்கே கொஞ்சம் நிதானிப்போம். வரவு என்னவோ உண்மைதான். வளைவில் திரும்பும்போது காரின் எடை வெளிப் பக்கத்து டயர்கள் மேல் சாய்கிறது. காரின் எடை மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 சென்டிமீட்டர் இறக்கினால், சாயும் எடையில் ஐந்து சதவிகிதத்துக்குச் சற்று அதிகமாகக் குறையும். கார் ரோட்டைக் கெட்டியாகப் பிடிக்கிற மாதிரி இருக்கும். ஓட்டுகிறவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

இப்போது பற்று. மாருதி 800-லிருந்து இன்றைய சின்னக் கார்கள் வரை பெரும்பாலானவற்றில் முன்பக்கம் 'மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்' அமைப்புதான். ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்க, கீழே ஒரு இரும்புக் கை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கம்பெனி உயரத்தில் அந்தக் கை ஏறக்குறையப் படுக்கை வசமாக இருக்கும். காரை அளவு மீறி இறக்கினால், சக்கரத்துப் பக்கம் தூக்கிக்கொண்டு ஏறுமுகமாகிவிடும். கார் எந்த அச்சைச் சுற்றிப் பக்கவாட்டில் சாய்கிறதோ, அந்த அச்சு அப்போது எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடுகிறது. பலன்? சாய்வைக் குறைக்க இறக்கிய கார், வளைவில் இன்னும் அதிகமாகச் சாயப் பார்க்கும்! இதைச் சமாளிக்க ஸ்பிரிங்கை இன்னும் கடினமாக்க வேண்டும். கடினமாக்கினால் முதுகெலும்பு சங்கதி தனி.

அடுத்தது அலைன்மென்ட். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வு மாறும். மெக்கானிக்குகள் 'கேம்பர்' என்பார்கள். முன்னாலிருந்து பார்த்தால் சக்கரங்களின் தலை உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கூடவே ஸ்டியரிங் கம்பியின் கோணமும் மாறுவதால், 'டோ' கெட்டுப்போகும். அதாவது, இரண்டு பாதங்களையும் நேராக வைத்து நடக்காமல், உள்பக்கமோ வெளிப்பக்கமோ திருப்பி வைத்து நடப்பது. ஒரு சக்கரம் வெறும் அரை டிகிரி விலகியிருந்தால்கூட, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் 9 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. நூறு கிலோமீட்டர் போனால் முக்கால் கிலோமீட்டருக்கு மேல் சும்மா இழுபட்டிருக்கும். டயர் விலை தெரிந்தவர்களுக்கு வயிறு எரியும். இது போதாதென்று, மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கைத் தொடாமலே கார் தானாக இப்படியும் அப்படியும் முகம் திருப்பும்.

அலைன்மென்ட் கடையில் கொடுத்து டோவைச் சரிபண்ணிவிடலாம். கேம்பரைப் பல சின்னக் கார்களில் சரிபண்ணவே வழி கிடையாது. தனியாக போல்ட்டோ, மேல் பிளேட்டோ வாங்கிப் போட வேண்டும். அந்தச் செலவை யார் செய்கிறார்கள்? நம் ஊரில் பல இடங்களில் நடப்பது கிரைண்டர் வைத்தியம். ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டு, மாட்டு, அனுப்பு. வெட்டிய ஸ்பிரிங்குக்கு நீளம் போதாது. சக்கரம் பெரிய பள்ளத்தில் தொங்கும்போது, அது தன் குழியைவிட்டு விலகிவிடலாம். சூடுகாட்டி இறக்கிய ஸ்பிரிங் இன்னும் மோசம். இரும்பின் பதமே போய்விடும். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து டிக்கியில் சாமானும் ஏறினால், வளைவதற்கு மிச்சமிருந்த கொஞ்ச இடமும் தீர்ந்து, கடைசித் தடுப்பு ரப்பரில் போய் 'டங்'கென்று உட்காரும். அந்தக் கணத்தில் அது வில்வண்டி இல்லை, கட்டை வண்டி. மழை பெய்த வளைவில் அந்த 'டங்' விழுந்தால், டயர் பிடி விட்டுப்போக ஒரு நொடி போதும்.

அப்படியானால் இறக்குவதே பாவமா? அதுதான் இல்லை. வண்டலூர் காரின் கதை இங்கேதான் வருகிறது. 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி, 1961-லிருந்து 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரைத் தயாரித்தது. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்திய அவதாரம். அழகான கார். இன்றைக்கும் பழைய கார் ஊர்வலங்களில் ஹெரால்டு வந்தால் ஜனம் கூடும். அதன் பின் அச்சு, நடுவில் கீல் வைத்த மாதிரி இரண்டு துண்டு. பறவை இறக்கை மாதிரி ஒவ்வொரு பாதியும் தனித்தனியாக ஏறி இறங்கும். இதை 'ஸ்விங் ஆக்ஸில்' என்பார்கள். சாதாரண ரோட்டில் சொகுசு. ஆனால், ஒரு வளைவில் வேகமாகப் போய், பயந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் மேலே எழும்பும். இறக்கைகள் கீழே மடங்கும். சக்கரம் உள்பக்கமாகக் கால் மடக்கி, டயரின் ஓரத்தில் நிற்கும். அப்புறம் பின்பக்கம் முன்னால் போக ஆசைப்படும்!

இதே குணம் கொண்ட அமெரிக்கக் கார் செவர்லே கார்வேர். அதை வைத்துத்தான் ரால்ஃப் நேடர் 1965-ல் புத்தகம் எழுதி, ஒரு மாபெரும் கம்பெனியையே கூண்டில் ஏற்றினார். ஹெரால்டு குடும்பத்துக் கார்களை ரேஸில் ஓட்டியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பின்பக்கத்தை இறக்கினார்கள். குறுக்கே போட்டிருந்த பட்டை வில்லின் வளைவைக் குறைத்து, சக்கரத்தின் தலை முன்கூட்டியே உள்பக்கம் சாய்ந்திருக்கும்படி வைத்தார்கள். கால் மடங்குவது குறைந்தது. இறக்கியதால் பத்திரமான கார்! ஆனால், நிறுத்தி வைக்கும்போது பின்பக்கம் உட்கார்ந்த மாதிரி தெரியும், நாலு பேர் ஏறினால் இன்னும் உட்காரும். வண்டலூர்க்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். நம் மெக்கானிக்குகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் ஸ்விங் ஆக்ஸில் ஒத்துவரவில்லை என்று, 1972-ல் வந்த 'கெஸல்' காரில் அதைத் தூக்கிவிட்டு, லாரி மாதிரி ஒரே அச்சாகப் போட்டுவிட்டார்கள். சொகுசில் ஒரு பிடி போனது, நிம்மதி வந்தது. என்னைக் கேட்டால், இந்திய ரோட்டுக்கு அது சரியான பேரம்.

ரேஸ்காரர்கள் இறக்குவதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்று பார்க்கலாம். லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் 1977-ல் ஒரு காரைக் களமிறக்கினார். விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி அதன் அடிப்பாகம். காருக்கும் தரைக்கும் நடுவே பாயும் காற்று வேகமெடுக்க, அழுத்தம் குறைந்து, கார் தரையோடு உறிஞ்சப்பட்டது. அடுத்த வருஷம் அதன் வாரிசுக் காரில் மரியோ ஆண்ட்ரெட்டி உலக சாம்பியன். அதன் பிறகு எல்லோருக்கும் தாழ்வு வெறி. வளைவுகளில் வேகம் பயங்கரமாக ஏறவே, அதிகாரிகள் பயந்துபோய் 1981-ல் விதி போட்டார்கள். காருக்கும் தரைக்கும் 6 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தே ஆக வேண்டும்.

எங்கே அளப்பார்கள்? ஓடும் காரை அளக்க முடியாதே! நிற்கும்போதுதான். பிரபாம் அணியின் டிசைனர் கோர்டன் மர்ரே, தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், இதைப் படித்துவிட்டுச் சிரித்திருக்க வேண்டும். திரவமும் வாயுவும் நிரப்பிய ஒரு சஸ்பென்ஷனை அவர் பூட்டினார். நிற்கும்போது 6 சென்டிமீட்டர். வேகமெடுத்தால், காற்றின் அழுத்தமே காரைக் கீழே அமுக்கிவிடும். திரவம் மெல்லிய துளை வழியே மெதுவாகத்தான் திரும்பும் என்பதால் கார் கீழேயே இருக்கும். ரேஸ் முடிந்து மெதுவாக ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் நல்ல பிள்ளையாக எழுந்துவிடும். அதிகாரி குனிந்து அளந்தால் 6 சென்டிமீட்டர்! அந்த வருஷம் நெல்சன் பிக்கே சாம்பியன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அகிர்ரே செய்த அதே தந்திரம். அங்கே ஸ்விட்ச், இங்கே காற்று.

மற்ற அணிகள் முதலில் கத்தின, பிறகு காப்பியடித்தன. பற்று யார் கணக்கில் விழுந்தது? டிரைவர்கள். சஸ்பென்ஷன் வளையவே இடமில்லாமல் கல் மாதிரியாகிவிட, ஒவ்வொரு சின்ன மேடும் அவர்கள் முதுகில்தான் இடித்தது. 1983-ல் அடிப்பாகம் தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள்.

அப்புறம் மே 1, 1994. இத்தாலியின் இமோலா. முதலிலேயே ஒரு விபத்து நடந்ததால், சேஃப்டி கார் பின்னால் எல்லோரும் மெதுவாக ஊர்ந்தார்கள். டயர்கள் குளிர்ந்தன. குளிர்ந்தால் காற்றழுத்தம் குறையும், குறைந்தால் கார் இன்னும் சில மில்லிமீட்டர் தாழும். சேஃப்டி கார் விலகிய பிறகு இரண்டாவது சுற்றில், டாம்புரெல்லோ வளைவில் அயர்ட்டன் சென்னாவின் கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. கார் தரையில் தட்டிப் பிடியை இழந்தது என்பது ஒரு வாதம். வெட்டி ஒட்டிய ஸ்டியரிங் தண்டு உடைந்தது என்பது இன்னொரு வாதம். இத்தாலிய நீதிமன்றங்கள் அதன் பக்கம்தான் சாய்ந்தன. இரண்டாவதுதான் காரணம் என்றாலும், மில்லிமீட்டர்களை யாரும் அதற்குப் பிறகு அலட்சியமாகப் பார்க்கவில்லை. அதே வருஷம் ஜூலையிலிருந்து ஒவ்வொரு காரின் அடியிலும் 10 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பலகை கட்டாயமானது. ரேஸ் முடிந்து அளக்கும்போது, அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருந்தால் கார் அளவுக்கு மீறித் தாழ்ந்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்விட்ச் தட்டி எழுப்பினாலும் பலகை காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த மாதமே பெல்ஜியத்தில் ஜெயித்த ஷூமாக்கரின் வெற்றியைப் பலகை பறித்தது. 2005-ல் நம்ம நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டான் காரின் அடியிலும் அந்தப் பலகை இருந்தது. 2023-ல் அமெரிக்காவில் இரண்டாவதாக வந்த ஹாமில்டனும் ஆறாவதாக வந்த லெக்லெர்க்கும் ஒரே நாளில் அதனால் தகுதி இழந்தார்கள்.

நம் நாட்டில் டேப், பலகை எல்லாம் கிடையாது; நேராகத் தடைதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் இருக்கிற, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதை அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்.

கலிஃபோர்னியாவில் கதை வேறு மாதிரி முடிந்தது. 1958-ல் கொண்டுவந்த அந்தப் பிரிவை 2023 அக்டோபரில் கவர்னர் கையெழுத்துப் போட்டு நீக்கிவிட்டார். 2024 ஜனவரி 1-லிருந்து அங்கே காரைப் படுக்கப் போட்டு ஓட்டலாம், ஸ்விட்ச் தேவையில்லை. ஆனாலும் ஸ்விட்சை யாரும் கழற்றவில்லை. துள்ளாத கார் என்ன கார்!

நம் பக்கத்தில் எழுந்து நிற்கும் கார்கள் வேறு ஓர் இடத்தில் தென்படும். செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்! இறக்கி ஓட்டி அலுத்த பிறகு, பழைய ஸ்பிரிங்கைத் தேடி மாட்டி, காரைப் பழைய உயரத்துக்கு எழுப்பி விற்பனைக்கு நிறுத்துவார்கள். அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். வாங்கப் போகிறவர்கள் முன்சக்கரத்தை ஒரு பக்கமாக முழுசாகத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். டயரின் உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். வெளிப் பக்கம் பட்டன் இன்னும் நிற்க, உள்பக்கம் மட்டும் வழுவழுவென்று இருந்தால், இரண்டு பக்கமும் அப்படியே இருந்தால், மேலே கையை விட்டு அந்தத் தடுப்பு ரப்பரையும் தொட்டுப் பாருங்கள். நசுங்கிப் பிய்ந்திருந்தால், விலையைப் பேசாமல் கிளம்பி வந்துவிடலாம்.